ஒரு குழாய் எச்சில்

மார்ச் 4

கடுகு,

நலம் விசாரித்துத் தொடங்க மாட்டேன். இங்கே நலமில்லை, அங்கே எப்படி என்று கேட்கும் மனநிலையும் இல்லை.

ஃபோனில் பேசினால் நீ கத்துவாய், நானும் கத்துவேன், பிறகு நம்மில் ஒருத்தி பாதியில் வைத்துவிடுவாள். நான் உங்கள் வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து அதுதான் நடக்கிறது. கடிதத்தில் கத்தினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

உன் அண்ணனுக்கு நான் அனுப்பிய பொட்டலம் திரும்பி வந்துவிட்டது. பிரிக்கவே இல்லை. மேலே அவர் கையெழுத்தில் "வேண்டாம்" என்று ஒரு சொல். என் கணவராக இருந்தவர் எனக்கு என்ன எழுதினாலும் கவலையில்லை. ஆனால் அவர் வாண்டுவின் அப்பா. இப்போது உன் வீட்டில் இருக்கிறார், நீ சமைத்ததைச் சாப்பிடுகிறார். ஆகவே நீ கேள்.

பொட்டலத்தில் இருந்தது ஒரு பிளாஸ்டிக் குழாய். கோடு வரை எச்சில் துப்பி, மூடி, பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது. "குருட்டுப் பிள்ளையைப் பெத்தவ" என்று என் மேல் துப்ப உங்கள் வீட்டில் எல்லோருக்கும் எச்சில் இருந்தது. ஒரு குழாயில் துப்ப மட்டும் வற்றிவிட்டதா?

எதற்கு என்று சொல்கிறேன், பொறுமையாக வாசி. வாண்டுவின் நோய் விழித்திரையில் இருக்கிறது. அதற்குக் காரணமாகக்கூடிய மரபணுக்கள் நூற்றுக்கணக்கில் உண்டாம். ஒரு வருடம் தேடி, அவளுடையது எது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த ஒரு மரபணுவில் இரண்டு பிழைகள். அதிர்ஷ்டம் என்றும் சொல்லலாம், ஏனென்றால் அந்த மரபணுவுக்கு மட்டும் சிகிச்சை இருக்கிறது. பிழையில்லாத ஒரு பிரதியைக் கண்ணுக்குள் செலுத்துவார்கள். விழித்திரையில் உயிருள்ள செல்கள் மிச்சம் இருந்தால்தான் பலிக்கும். பட்ட மரத்துக்குத் தண்ணீர் ஊற்றி என்ன பயன்?

ஆனால் ஒரு சிக்கல். மரபணு ஆலோசகர் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வீட்டுக் கதவுக்கு ரெண்டு சாவி இருக்குன்னு வெச்சுக்கோங்க. ஒண்ணு அம்மா கொடுத்தது, ஒண்ணு அப்பா கொடுத்தது. பிழைங்கிறது சாவியில ஒரு வளைவு மாதிரி. ரெண்டு வளைவும் ஒரே சாவியில இருந்தா இன்னொரு சாவி கதவைத் திறந்துடும். சாவிக்கு ஒரு வளைவா இருந்தா, எதுவுமே திறக்காது. உங்க பொண்ணுக்கு எது நடந்திருக்குன்னு தெரியணும்."

என் எச்சிலைச் சோதித்தார்கள். முதல் பிழை என்னுடையது. ஆமாம், என்னுடையது; உன் அம்மாவிடம் சொல், சந்தோஷப்படட்டும். இரண்டாவது பிழை என்னிடம் இல்லை. அது அப்பாவிடமிருந்து வந்ததா, இல்லை வாண்டுவிடமே புதிதாக, நான் கொடுத்த சாவியிலேயே உண்டானதா? அது தெரியாமல் சேர்க்க மாட்டார்கள். சிகிச்சைக் குழு ஜூனில் கூடுகிறது. அதை விட்டால் அடுத்த வருடம்தான். ஒவ்வொரு ஸ்கேனிலும் செல்கள் குறைந்துகொண்டே வருகின்றன.

இந்தக் கடிதத்தோடு இன்னொரு குழாய் வைத்திருக்கிறேன். துப்பச் சொல்.

அண்ணி
(நீ இப்போது அப்படிக் கூப்பிடாவிட்டாலும்.)


மார்ச் 12

அண்ணிக்கு,

கூப்பிடுகிறேன். வாய்ப்பழக்கம்தான், மரியாதை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் பெயிண்ட் கடையில் வைத்து வாசித்தேன். வாசித்த வேகத்தில் நிறக்கலவை இயந்திரத்தில் கறுப்பைக் கூடுதலாக விட்டுவிட்டேன். படுக்கையறைக்கு வெளிர் நீலம் கேட்டவர்களுக்கு மழைமேகம் கிடைத்தது. முதலாளி, "என்னம்மா, யாராவது செத்துட்டாங்களா?" என்றார். "இன்னும் இல்ல, யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றேன்.

உங்கள் மேல் நான் எப்போது துப்பினேன்? அம்மா பேசினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வார்த்தை சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது யார்? அவளை இடுப்பில் சுமந்தவள் நான். பள்ளிக்கூடத்தில் சேர்த்தவள் நான். எனக்கும் சேர்த்துத்தானே கதவைச் சாத்தினீர்கள்?

பெரிதாகச் சாவிக் கதை சொல்கிறீர்களே, நான் ஒன்று கேட்கிறேன். நீங்கள் பார்ப்பது கண்ணாடிக் கடையில் வேலை. ஊரார் கண்ணுக்கெல்லாம் லென்ஸ் தேய்க்கிறீர்கள். சொந்தப் பிள்ளை பொழுது சாய்ந்தால் நாற்காலியில் இடித்துக்கொள்கிறாள் என்பது தெரியவில்லை. "கண்ணைப் பொடனியிலயா வெச்சிருக்க?" என்று அவள் முதுகில் ஒன்று வைத்தது உங்கள் கைதானே?

அண்ணன் லாரி ஓட்டுகிறான். கண்தான் அவன் சோறு. அவன் பெயருக்கு நேரே ஒரு தாளில் கண் நோய் என்று வந்தால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள். பிறகு அவனும் குருடனாகிவிடுவான் என்று ஊர் பேசும். என் பெரியவளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த நேரத்தில் "கண் நோய்க் குடும்பம்" என்று ஒரு சொல் வெளியே போனால் அவள் கதி என்ன? நீங்களா வந்து பதில் சொல்வீர்கள்?

எங்கள் பக்கத்தில் யாருக்கும் கண்ணில் ஒரு தூசி கிடையாது. எங்கள் குடும்பத்தில் கெட்டுப்போனவர் பெரியப்பா ஒருவர்தான். அதுவும் குடியால். சாயங்காலமானால் சுவரைத் தடவிக்கொண்டுதான் வருவார், தெருவே சிரிக்கும். குடி எந்த மரபணுவில் இருக்கிறது என்று உங்கள் ஆலோசகரைத் தேடச் சொல்லுங்கள்.

குழாய் அலமாரி மேல் கிடக்கிறது. கிடக்கட்டும்.

கடுகு


மார்ச் 21

கடுகு,

முதுகில் வைத்தது என் கைதான். அதை எனக்கு நினைவூட்ட நீ தேவையில்லை. ஆனால் ஒன்று தெரிந்துகொள். நான் தேய்க்கும் கண்ணாடி கண்ணுக்கு முன்னால் நிற்பது. இந்த நோய் கண்ணுக்குப் பின்னால் இருப்பது. எந்த லென்ஸை மாட்டினாலும் படம் விழும் திரையே கிழிந்திருந்தால் நான் என்ன செய்ய?

அண்ணன் லைசென்ஸ் பற்றிக் கேட்டுவிட்டேன். ஒரு சாவி வளைந்தவருக்கு நோய் வராது. இன்னொரு சாவி இருக்கிறதே! நானும் அப்படித்தான். என்னிடம் பிழை இருக்கிறது. இன்றைக்கும் ஊசிமுனைக் கீறலை வெறும் கண்ணால் பிடிக்கிறேன். முடிவு சிகிச்சைக் குழுவுக்கு மட்டும்தான் போகும், லைசென்ஸ் அலுவலகத்துக்கு அல்ல. இதை அவரிடம் சொல்லவாவது உனக்கு வாய் இருக்கிறதா?

போன வாரம் பள்ளிக்கூடத்தில் படம் போட்டிருக்கிறார்கள். விளக்கை அணைத்ததும் பிள்ளைகள் எல்லோரும் அவரவர் இடத்துக்கு ஓடியிருக்கிறார்கள். வாண்டு நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறாள், படம் முடியும் வரை. வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்: "அம்மா, இருட்டுல நடக்க அவங்களுக்கெல்லாம் யாரு சொல்லிக்கொடுத்தா? நான் அன்னைக்கு லீவா?"

இதற்கு என்ன பதில் சொல்வது என்று நீயே எழுது.

இன்னொன்று. ஆலோசகர் எங்கள் குடும்ப மரத்தை வரைந்து வைத்திருக்கிறார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். நோய் உள்ளவர்களைக் கறுப்பாக நிரப்புவார்கள். உன் பெரியப்பாவுக்கு ஒரு வெள்ளைக் கட்டம் போட்டு, பக்கத்தில் "குடி" என்று எழுதியிருந்தார். நான்தான் சொன்னேன், எனக்கு நீங்கள் சொன்னதைச் சொன்னேன். நீ எழுதியதையும் நேற்றுச் சொன்னேன். சாயங்காலமானால் சுவரைத் தடவிக்கொண்டு வருவார் என்று. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"காலையில எப்படி இருப்பாரு?" என்று கேட்டார்.

நான் உங்கள் வீட்டுக்கு வரும் முன்பே அவர் போய்விட்டார். எனக்கு எப்படித் தெரியும்? உனக்குத் தெரியும். காலையில் எப்படி இருந்தார், கடுகு?

அண்ணி


ஏப்ரல் 2

அண்ணிக்கு,

உயிரோடு இருப்பவர்களிடம் சண்டை போட்டு அலுத்துவிட்டதா? செத்தவரை ஏன் இழுக்கிறீர்கள்?

காலையில் எல்லாக் குடிகாரனும் நல்லவன்தான். பெரியப்பா நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவார். வெயிலில் உட்கார்ந்து பின்னினால் ஒரு கண்ணி தவறாது. வாசலில் நின்று தலைப்புச் செய்திகளை எனக்கு வாசித்துக் காட்டுவார். வெயில் இறங்கிய பிறகு பட்டறையிலிருந்து அவரை அழைத்து வருவது என் வேலை. என் தோளைப் பிடித்துக்கொண்டு வருவார். குடிகாரன் தோளைப் பிடிக்காமல் வேறு எதைப் பிடிப்பான்?

வாடை அடித்ததா என்றுதானே அடுத்துக் கேட்பீர்கள்? அடித்தது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று வீடே நாறியது. வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மற்ற நாட்களில் பிரம்பு வாடைதான். பட்டறையில் இருப்பவர் மேல் பிரம்பு வாடை அடிக்காதா? இதில் என்ன கண்டுபிடிக்கப் போகிறீர்கள்?

அண்ணனிடம் நீங்கள் சொன்னதைச் சொன்னேன். "அவளுக்கு நீ தூதா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். மூன்று நாளாக லாரியிலேயே படுக்கிறான். போதுமா? இனி எழுத வேண்டாம்.

கடுகு

வாண்டு படிக்கட்டில் இறங்கும்போது யார் கையையாவது பிடித்துக்கொள்கிறாளா?


ஏப்ரல் 10

கடுகு,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன்.

படிக்கட்டில் யார் கையையும் பிடிக்க மாட்டாள். பிடித்தால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்கிறாள். ஒன்பது வயதில் மறைக்கத் தெரிந்திருக்கிறது. அது எந்தச் சாவியில் வந்த வளைவு என்று நீ யோசி.

உன் கடிதத்தை நீயே இன்னொரு முறை வாசித்துப் பார். மற்ற நாட்களில் பிரம்பு வாடை என்று எழுதியிருப்பது நீதான், நான் அல்ல. பெண் பார்க்க வரும் நாளன்று மட்டும் குடிக்கும் குடிகாரனை நான் இதுவரை பார்த்ததில்லை.

உன் கடிதத்தை ஆலோசகருக்கும் வாசித்துக் காட்டினேன். "அவருக்கு ரெண்டு சாவியுமே வளைஞ்சிருக்கலாம். அவரோட தம்பி, அதாவது உங்க மாமனாருக்கு ஒண்ணு வந்திருக்கலாம். அங்கிருந்து உங்க கணவருக்கு" என்றார். உன் அண்ணன் கடைசி வரை மறுத்தால் வேறு வழி இருக்கிறதா என்று கேட்டேன். அவருடைய கூடப்பிறந்தவர் எச்சில் கொடுத்தால் உதவலாம் என்றார். அந்த இரண்டாவது பிழை உன்னிடம் இருந்தால், அது உங்கள் பக்கத்திலிருந்து வந்தது என்று நிரூபணமாகிவிடும். இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி.

புதுச் சீட்டு ஒன்றை இதில் வைத்திருக்கிறேன். "தந்தையின் தங்கை" என்று அச்சிட்டிருக்கிறது. அலமாரி மேல் கிடக்கும் குழாயில் ஒட்டிக்கொள்ளலாம்.

நான் கெஞ்சவில்லை. கெஞ்சினால் நீ இரக்கப்பட்டுச் செய்ததாகிவிடும். உன் இரக்கம் எனக்கு வேண்டாம்.

அண்ணி


ஏப்ரல் 24

அண்ணி,

அம்மாவிடம் கேட்டேன். சும்மா கேட்கவில்லை. உங்கள் கடிதத்தை மடியில் போட்டு, "வாசிங்க" என்றேன். "எனக்குக் கண் சரியில்ல" என்றார்கள். "அந்த வார்த்தை இந்த வீட்டுல யாருக்கும் ஆகாதே, உங்களுக்கு மட்டும் எப்படி ஆச்சு?" என்றேன்.

பிறகு வந்தது எல்லாம்.

பெரியப்பா வாழ்நாளில் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. சின்ன வயதிலிருந்தே அவருக்கு இருட்டினால் தெரியாது. என் அத்தைக்கு வந்த வரன் ஒன்று அதனாலேயே நின்றுபோயிருக்கிறது. அதன் பிறகு வீட்டில் கூடி முடிவு செய்திருக்கிறார்கள். குடிகாரன் இருக்கும் வீட்டில் பெண் எடுப்பார்கள். குருடன் இருக்கும் வீட்டில் எடுக்க மாட்டார்கள். யாராவது பார்க்க வரும் நாளில் அவர் சட்டையில் சாராயத்தைத் தெளித்து மூலையில் உட்கார வைப்பார்களாம். அவரும் உட்கார்ந்திருக்கிறார். என் கல்யாணத்துக்குத் தெளித்தது அம்மா. "அவரேதான்டி சட்டையை நீட்டினாரு" என்று ஏதோ பெருமையாகச் சொல்கிறார்கள்!

எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது அண்ணி. பெயிண்ட் கடையில் ஒரு விதி உண்டு. கறை படிந்த சுவரைச் சுரண்டாமல் மேலே வெள்ளை அடித்தால் கறை திரும்ப வெளியே வரும். எத்தனை கோட் அடித்தாலும் வரும். இதை வாரத்துக்குப் பத்துப் பேருக்குச் சொல்கிறேன். என் வீட்டிலேயே அடித்து வைத்திருக்கிறார்கள், அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு நான் உங்களைத் திட்டியிருக்கிறேன்.

கோபம் உங்கள் மேலும் இருக்கிறது. எனக்குச் சொல்லாமல் போனதற்கு. அது அப்படியே இருக்கட்டும், இதோடு கலக்காதீர்கள்.

பெரியவளிடம் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்கு நானே சொல்லப் போகிறேன் என்றும் சொன்னேன். "சொல்லும்மா. இதுக்கு ஓடுறவன் ஜலதோஷத்துக்கும் ஓடுவான்" என்றாள். யார் பெண்!

கோடு வரை துப்பிவிட்டேன். இன்று காலை அனுப்பியாயிற்று.

கடுகு


மே 15

கடுகு,

உன்னிடம் அந்தப் பிழை இல்லை.

இரண்டு முறை பார்த்துவிட்டார்கள். உன் அப்பா உனக்கு நேரான சாவியைக் கொடுத்திருக்கிறார். உன் பெண்ணுக்கும் அது வர வழியில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் நீ இன்னும் சொல்லவில்லை என்றால் இனி சொல்லவும் தேவையில்லை.

வாண்டுவுக்கு இதனால் எதுவும் நிரூபணமாகவில்லை. உனக்கு இல்லை என்பதால் உன் அண்ணனுக்கும் இல்லை என்று ஆகாதாம். இருக்கிறது என்றும் ஆகாதாம். மறுபடி அவர் வாயில்தான் வந்து நிற்கிறது.

யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் கடையில் இரண்டு லென்ஸை உடைத்தேன். உன் மேல் படலாமா என்று பார்த்தேன், முடியவில்லை. அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

குழு கூடுவதற்கு முன் முடிவு கையில் இருக்க வேண்டும் என்றால் இந்த மாதத்துக்குள் குழாய் போய்ச் சேர வேண்டும். கடைசிக் குழாயை அனுப்புகிறேன். நீ தப்பித்துவிட்டாய்; எனக்காக இனி எதுவும் செய்ய வேண்டியதில்லை. அவரிடம் கொடுத்துவிடு, போதும்.

அண்ணி


மே 23

அண்ணி,

தப்பித்துவிட்டாய் என்று எனக்கு எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அவள் என்னை அத்தை என்று கூப்பிடுவது என் மரபணுவைப் பார்த்தா?

நேற்றுச் சாயங்காலம் அண்ணன் துணி எடுக்க வந்தான். குழாயை நீட்டினேன். "உனக்குத்தான் இல்லைன்னு ஆயிடுச்சே, அப்புறம் என்ன? விட்டுத் தள்ளு" என்றான். சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று தலை வாரினான்.

நான் தயாராக வாங்கி வைத்திருந்தேன். சாராயப் பாட்டிலைத் திறந்து அவன் தோளிலிருந்து ஊற்றினேன். முழுப் பாட்டிலையும்.

"என்னடி பண்ற? பைத்தியமா உனக்கு?"

"இல்லண்ணா, நம்ம வீட்டு வைத்தியம். போ, இப்படியே போய் வண்டி எடு. லைசென்ஸ் எதால போகுதுன்னு பார்த்துடலாம்."

"அம்மா, இவளைப் பாரு!"

"அம்மாவைக் கூப்பிடு. தெளிச்ச கைதானே. வாண்டு ஏன் தடுமாறுறான்னு நாளைக்கு ஊரு கேட்டா என்ன சொல்லுவ? ஒன்பது வயசுப் பிள்ளை குடிக்குதுன்னு சொல்லுவியா? அவ கவுன்ல யாரு ஊத்தப் போறா, நீயா, அம்மாவா?"

பெரியப்பா கதை அவனுக்குத் தெரியும், அண்ணி. அவன் முகத்தைப் பார்த்த உடனே புரிந்துவிட்டது. அவன் மூத்தவன், எப்போதோ சொல்லியிருக்கிறார்கள். பிறகு அவனே சொன்னான், தனக்கும் அப்படி ஆகிவிடும் என்று பயந்து, பொழுது சாய்ந்ததும் ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணால் தெருப் பலகையை வாசித்துப் பார்த்துக்கொள்வானாம், பள்ளிக்கூட நாளிலிருந்தே. லாரியில் ஏறும் முன் இன்றைக்கும் பார்க்கிறானாம். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் பாவம் பார்க்கிற நேரமா அது? "உனக்கு ஒண்ணும் ஆகாது, ஆகிறது உன் பொண்ணுக்கு" என்று கத்தினேன்.

அம்மா வந்து, "சட்டையைக் கழட்டுடா, நாறுது" என்றார்கள்.

"அன்னைக்கு நாறலையாம்மா?" என்றேன்.

அண்ணன் அந்தச் சட்டையோடு படியில் உட்கார்ந்தான். வெகுநேரம் கழித்து, "எவ்வளவு துப்பணும்?" என்றான்.

"கோடு வரைக்கும்."

வாய் காய்ந்து போயிருந்தது, மெதுவாகத்தான் வந்தது. அரை மணி நேரத்துக்கு முன் எதையும் குடித்திருக்கக் கூடாது என்று குழாயில் எழுதியிருக்கிறது. சட்டை குடித்தது கணக்கில் வராது என்று நினைக்கிறேன்.

மாப்பிள்ளை வீட்டுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எனக்கு இல்லை என்பதற்காகப் பெரியப்பாவை மறுபடி மூலையில் உட்கார வைக்க முடியாது. யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். யோசிக்கட்டும்.

கடுகு


ஜூன் 20

கடுகு,

அவரிடம் இருக்கிறது. இரண்டாவது பிழை, மரபணுவில் அதே எழுத்து, அதே இடம். சாவிக்கு ஒரு வளைவு. வாண்டுவைச் சேர்த்துக்கொண்டார்கள். ஜூலை ஏழாம் தேதி முதல் கண்.

பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். மங்கிய வெளிச்சத்தில் படிக்கட்டின் விளிம்பு தெரியலாம். இருப்பது இன்னும் சில காலம் நிற்கலாம். எனக்குப் படிக்கட்டின் விளிம்பு போதும்.

உன் அண்ணனை நான் மன்னிக்கவில்லை. மருத்துவமனைக்கு வரலாமா என்று கேட்டு அனுப்பியிருக்கிறார். வெளியே பெஞ்சில் உட்காரட்டும். உன் அம்மாவை இந்தப் பிறவியில் மன்னிக்கப் போவதில்லை, ஆனால் அவர்களிடம் ஒன்று சொல். நேற்று ஆலோசகர் குடும்ப மரத்தை எங்கள் கண்முன்னால் திருத்தினார். பெரியப்பாவின் கட்டத்தைக் கறுப்பாக நிரப்பினார். பக்கத்தில் இருந்த "குடி" என்ற சொல்லை, அடியில் என்ன இருந்தது என்றே தெரியாதபடி அடித்தார்.

வாண்டு மேஜை மேல் குனிந்து, மூக்கு படும்படி பார்த்தாள். "இந்தக் கறுப்புக் கட்டம் நானா?" என்றாள். "நீ வட்டம். அது உன் அப்பாவோட பெரியப்பா" என்றேன்.

"அவருக்கும் இருட்டுல தெரியாதா?"

"தெரியாது."

"அப்புறம் எப்படி வீட்டுக்கு வந்தாரு?"

"உங்க அத்தை தோளைப் பிடிச்சுக்கிட்டு."

ஆலோசகரின் அறை மூன்றாவது மாடியில். இறங்கும்போது படிக்கட்டு விளக்கு எரியவில்லை, எதிரே நிறையப் பேர் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

உன் மேல் உள்ள கோபத்தைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், நேரில் போட்டுக்கொள்ளலாம். ஏழாம் தேதி கண்ணைக் கட்டித்தான் வெளியே அனுப்புவார்களாம். எனக்கு இரண்டு கையிலும் பை இருக்கும்.

வந்து சேர்.

அண்ணி